முதுகலை இயற்பியல் பாடத்திட்டக் குழுவுக்கு: ஹால் விளைவை ஜெர்மானியத் துண்டோடு நிறுத்திவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான். பாடத்திட்டம் திருத்தப்படப் போகிறது என்று கேள்விப்பட்டேன். தபாலில் அனுப்பினால் கோப்புக்குள் போய்த் தூங்கிவிடும் என்பதால், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் லேபில் ஹால் விளைவுப் பரிசோதனை உண்டு. மின்னோட்டம் ஓடும் துண்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும், அதுதான் ஹால் விளைவு. ஜெர்மானியத் துண்டு, மின்காந்தம், காந்தப்புலத்தை அளக்கக் காஸ்மீட்டர். இரண்டு மணி நேரத்தில் ஹால் கெழுவைக் கண்டுபிடித்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள். போன செமஸ்டரில் ஒரு மாணவி மட்டும் போகவில்லை. "சார், சாம்பிளோட தடிமனை ஃபார்முலாவில போடுறோமே, தடிமனே இல்லாத சாம்பிள் கிடைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள். லேபை மூடும் நேரம் ஆகிவிட்டது. மறுநாள் வரச் சொன்னேன். பதில் சொல்லி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று.

அந்தக் கேள்விக்கு நம் பாடத்திட்டம் ஒதுக்கியிருப்பது, "குவாண்டம் ஹால் விளைவு – சிறுகுறிப்பு வரைக" என்று ஐந்து மதிப்பெண். மாணவர்கள் ஒரு படிக்கட்டுப் படம் போட்டு, கிளிட்ஸிங், 1985 நோபல் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

1879இல் எட்வின் ஹால் தங்கத் தகட்டில் இந்த விளைவைக் கண்டபோது எலக்ட்ரான் என்ற ஒன்றையே யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அதற்கு இன்னும் 18 வருடம் இருந்தது. நூறு வருடம் கழித்து, 1980 பிப்ரவரியில், கிரெனோபிளில் இருந்த காந்தப்புல ஆய்வுக்கூடத்தில் கிளாவ்ஸ் வான் கிளிட்ஸிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரைத் திரவ ஹீலியத்தின் குளிரில் வைத்து அளந்தார். அதில் எலக்ட்ரான்கள் ஒரு பரப்பிலேயே அடைபட்டிருந்தன. மாணவி கேட்ட தடிமனில்லாத சாம்பிள் அதுதான். ஹால் மின்தடை, அதாவது குறுக்கு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது, சரிவாக மாறாமல் படிக்கட்டு மாதிரி தட்டுத் தட்டாக நின்றது. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 25812.807 ஓம். அதை 1, 2, 3 என்று முழு எண்களால் வகுத்தால் ஒவ்வொரு படியும் கிடைக்கும். சாம்பிள் நீளமா, குட்டையா, ஓரம் பிசிறடித்ததா என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

இங்கேதான் நம் பாடநூல்கள் வழி தவறுகின்றன. லாண்டாவ் மட்டங்களை (காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் தனித்தனி ஆற்றல் மட்டங்கள்) விளக்கி, அவை நிரம்பினால் படி வரும் என்று முடித்துவிடுகிறார்கள். மாசுமருவே இல்லாத சாம்பிளில் படி வராது, பழைய ஹால் விளைவின் அதே நேர்கோடுதான் வரும். கொஞ்சம் அழுக்கு இருந்து, சில எலக்ட்ரான்கள் அங்கங்கே சிக்கிக்கொண்டால்தான் படி அகலமாக நிற்கும். அழுக்கு இல்லாமல் படி இல்லை, ஆனால் படியின் உயரத்தில் அழுக்கின் சுவடு துளியும் இல்லை. இந்தப் புதிரை மாணவர்கள் முன் வைக்காமல் குவாண்டம் ஹால் நடத்துவது, சாம்பார் ஊற்றாமல் இட்லி போடுவது மாதிரி.

விடுவிக்கிற வழி பயனுறு புலக்கோட்பாடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறந்தால் அடையாற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிட, ஒவ்வொரு நீர் மூலக்கூறும் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய தூரங்களில் எது மிஞ்சுகிறதோ அதை மட்டும் எழுதினால் போதும். எலக்ட்ரான்களையெல்லாம் கணக்கிலிருந்து தொகுத்து நீக்கிவிட்டு, வெளி மின்காந்தப் புலத்துக்கு மட்டும் ஒரு செயல்சார்பு (இயக்க விதிகளை வருவிக்க உதவும் கோவை) எழுதுங்கள். வழக்கமான மின்காந்தவியலைத் தரும் மேக்ஸ்வெல் உறுப்பில் இரண்டு வகைக்கெழு. இரு பரிமாணத்தில், காந்தப்புலம் கண்ணாடிச் சமச்சீரை உடைத்துவிட்ட இடத்தில், ஒரே வகைக்கெழு உள்ள இன்னொரு உறுப்புக்கும் இடம் கிடைக்கிறது. அதுதான் செர்ன்–சைமன்ஸ் உறுப்பு. வகைக்கெழு குறைவு என்பதால் பெரிய தூரத்தில் அதன் கைதான் ஓங்கும். அதிலிருந்து மின்னோட்டத்தை வருவிக்கக் கரும்பலகையில் இரண்டு வரி போதும். மின்புலத்துக்குச் செங்குத்தாக ஓடும் ஹால் மின்னோட்டம் வந்து நிற்கும். முன்னால் இருக்கும் கெழுவை இஷ்டத்துக்கு மாற்ற அளவைச் சமச்சீர் (புலத்தை எழுதும் விதத்தை மாற்றினாலும் இயற்பியல் மாறாது என்ற விதி) விடாது, அது முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். அழுக்கு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முழு எண் மெல்ல மெல்ல நகர முடியாதே. மாணவியின் முகம் மாறியது இந்த இடத்தில்தான்.

"அப்போ 1982ல மூணில் ஒரு பங்கு வந்துச்சே?" என்று உடனே கேட்டாள். முழு எண் வர வேண்டிய இடத்தில் மூன்றில் ஒன்று என்று நின்ற படி; சூய், ஸ்டோர்மர், கோஸார்ட் மூவரும் கண்டது அது. அதற்கு, எலக்ட்ரான்கள் கூட்டாகச் சேர்ந்து உள்ளே தாங்களே உண்டாக்கும் ஓர் அளவைப் புலத்தைச் சேர்க்க வேண்டும். அந்தப் புலத்தின் கெழு முழு எண்தான், 3. அதைத் தொகுத்து நீக்கினால் கடத்துதிறன் மூன்றில் ஒன்று, அந்தக் கூட்டத்தில் துகள் போல எழும் கிளர்வின் மின்னூட்டமும் எலக்ட்ரானுடையதில் மூன்றில் ஒன்று. 1997இல் மின்னோட்ட இரைச்சலை அளந்து அந்த மின்னூட்டத்தைப் பார்த்தும்விட்டார்கள்.

அப்புறம் ஓரம். நான் மயிலாப்பூர்க்காரன், எனக்கு இது தேர்தான். கபாலீசுவரர் தேர் மாடவீதிகளில் வலமாகத்தான் வரும்; வழியில் எது நின்றாலும் சுற்றிப் போகுமே தவிரத் திரும்பாது. குவாண்டம் ஹால் சாம்பிளின் ஓரத்தில் எலக்ட்ரான்களும் அப்படியே ஒரு திசையில் மட்டும் ஓடுகின்றன. திரும்பி வரத் தடமே இல்லை என்பதால் மாசு அவற்றைச் சிதறடிக்க முடியாது. ஆனால் ஓரத்தை மட்டும் தனியாக எடுத்து, அதன் நெடுக மின்புலம் கொடுத்துக் கணக்குப் போட்டால் மின்னூட்டம் காப்பாற்றப்படுவதில்லை! எங்கிருந்தோ கூடிக்கொண்டே போகும். இதற்குப் பெயர்தான் அனாமலி. உள்பரப்பிலிருந்து ஓரத்தை நோக்கி வரும் ஹால் மின்னோட்டத்தைச் சேர்த்தால் கணக்கு பைசா சுத்தமாக நேராகும். கேலனும் ஹார்வியும் 1985இல் காட்டியது இதுதான்.

இதே அனாமலியை நம் மாணவர்கள் இன்னொரு தாளில் படிக்கிறார்கள். நடுநிலைப் பயான் என்ற துகள் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைவதை விளக்க 1969இல் ஆட்லரும், பெல்–ஜாக்கிவ் இணையரும் கண்டது அது. நீல்சனும் நினோமியாவும் 1983லேயே இதைப் படிகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் இணையாக வைத்தால் மின்தடை குறைய வேண்டும் என்றார்கள். 2015வாக்கில் சோடியம் பிஸ்மத், டாண்டலம் ஆர்சனைடு போன்றவற்றில் அப்படிக் குறைந்ததை அளந்தார்கள். (மின்னோட்டம் சாம்பிளுக்குள் சீராகப் பரவாவிட்டாலும் அதே குறைவு போலி வேஷத்தில் வரும். இதையும் சொல்லித்தர வேண்டும்.) துகள் இயற்பியல் ஒரு செமஸ்டர், திடநிலை இன்னொரு செமஸ்டர், நடுவே சுவர். அந்தச் சுவரை நாம் கட்டியது.

சொல்லிலும் ஒரு சிக்கல். வெளிக் காந்தப்புலமே இல்லாமல் இரும்பு போன்ற காந்தப் பொருள்களில் வரும் ஹால் விளைவுக்கும் ஆங்கிலத்தில் அனாமலி என்ற சொல்லின் உரிச்சொல் வடிவம்தான் (அனாமலஸ்), ஆனால் பொருள் வேறு. தமிழில் இரண்டுக்கும் "முரண்" என்றே போட்டுவைத்திருப்பதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். காந்தப் பொருள்களில் வருவதை "புலமில்லா ஹால் விளைவு" என்று சொன்னால் என்ன? அதன் குவாண்டம் வடிவம் 2013இலும், பின்ன வடிவம் 2023இலும் பார்க்கப்பட்டுவிட்டன.

நான் கேட்பது ஐந்து யூனிட்டில் ஒன்று. குவாண்டம் புலக்கோட்பாட்டுத் தாளில் ஏட்டளவில் கிடக்கும் கடைசி யூனிட்டை எடுத்துவிட்டு, செர்ன்–சைமன்ஸ், ஓர நிலைகள், அனாமலி மூன்றையும் பத்து மணி நேரத்தில் நடத்தலாம். ஹால் விஸ்காசிட்டி, வெப்ப ஹால் கடத்தல் இரண்டும் வேண்டாம், ஆர்வமுள்ளவர்கள் பிராஜெக்டில் பார்க்கட்டும். நடத்த ஆளில்லை என்று சொல்லாதீர்கள். சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணிப் பக்கம் இறங்கலாம். 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் அங்கே இருக்கிறது. அதற்கும் முன்னால், அதைத் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திய ஊர் இது.

வினாத்தாளில் சிறுகுறிப்புக்குப் பதில் இப்படி ஒரு கேள்வி போடுங்கள்: "சாம்பிளில் ஒரு துளை போட்டால் ஹால் மின்தடை மாறுமா? காரணம் கூறுக." மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொள்வார், யோசித்தவர் தேர் போகும் வழியை வரைந்து காட்டுவார்.

அந்த இரண்டு சாயங்காலக் குறிப்புகளும் என்னிடம் கையெழுத்தில் இருக்கின்றன. கூட்டம் என்றைக்கு என்று சொன்னால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை