உன் பெரியவனைப் பற்றி

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். எனக்குத் தங்கையாயிருந்த உன் மனைவி மறைந்து ஓராண்டு ஆகப்போகும் நிலையில், ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று நீ எழுதியிருந்ததைப் படித்தது முதல், குடியாத்தத்துச் சித்தப்பாவின் நினைவாகவே இருக்கிறது.

மூத்த மகனைப் பறிகொடுத்தபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்த மறுநாளே கைலித் தறியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுரம் மிக்கவர் என்று ஊரார் மெச்சினார்கள். அவர் யாரையும் அடித்ததில்லை, வைததும் அரிது. ஆனாலும், வாசலில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் ஓசை கேட்டதுமே பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிப்பார்கள். சித்தி குழம்பை மறுபடி ஒருமுறை உப்புப் பார்ப்பார். இறந்தவன் பெயரை எவரும் உச்சரிக்க முடியாமற் போனதால், சித்தியின் அழுகைக்கும் அந்த வீட்டில் இடமில்லாமற் போயிற்று. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மனத்தை உலுக்கும் படம் ஒன்றைப் பார்த்த பெண்களை இருவர் இருவராகப் பேசவைத்து, சில இணைகளில் ஒருத்தியிடம் மட்டும் உணர்ச்சியை வெளிக்காட்டாதிருக்கச் சொன்னார்கள். அடக்கியவளுக்கு மட்டுமன்றி, எதுவும் அறியாமல் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் இரத்த அழுத்தம் ஏறியது. சற்று நேரப் பேச்சுக்கே இப்படியென்றால், ஒரே கூரையின்கீழ் வளரும் பிள்ளைகளை நினைத்துப் பார். இங்கே பாகாயத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறை 1950களிலிருந்தே உண்டு. ஒருவருடைய வேதனை வீடு முழுவதையும் தொடும் என்பதை அவர்கள் அன்றே கண்டிருக்கிறார்கள்.

‘பெரியவன் அழுவதில்லை, எதுவும் கேட்பதில்லை, ரொம்பச் சமர்த்தாகிவிட்டான்’ என்று பெருமையோடு எழுதியிருக்கிறாய். கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த வரி அதுதான். அப்பா தாங்கமாட்டார் என்று பத்து வயதுப் பிள்ளை தன் துக்கத்தை விழுங்குகிறானோ என்று அஞ்சுகிறேன். அவன் எதிரில் நீ அழுதால் அவன் உடைந்துபோவான் என்று எண்ணாதே. அம்மாவைப் பற்றிப் பேசலாம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரியும். இரவில் சாப்பிட உட்காரும்போது நீயே அவள் பேச்சை எடு. முடியாவிட்டால் 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழை. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா. எந்த ரயில் என்று மட்டும் எழுது, காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

உன் அன்பு நண்பன்,
வேலூர்