நெய்வேலித் தெருவின் முன்னாள் குடியிருப்பினர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, இன்றைக்கும் நம்மைச் செல்லப்பெயர் சொல்லி அதட்டும் உரிமை பெற்ற மாமாக்களே, அத்தைமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மைப் பிரிந்தவர்களுக்கு முதற்கண் அஞ்சலி. தெருவின் கிழக்குக் கோடியில் தையல் மிஷின் வைத்திருந்த அத்தை தை மாதத்தில் காலமானார். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேரின் சீருடை அவர் கையால்தான் தைக்கப்படும். வளர்கிற பிள்ளை என்று பாவாடையின் உட்புறம் இரண்டு மடிப்பு வைத்துத் தைப்பார். அடுத்த ஆண்டு ஒரு மடிப்பு, அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று என்று பிரித்துவிட்டால் மூன்று வகுப்புக்கு அந்தப் பாவாடை வரும். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் நீலம் வெளுக்காமல் ஒரு பட்டைக் கோடாகத் தெரியும். அதைக் காட்டியே யார் எத்தனை விரல் வளர்ந்தார்கள் என்று பேசிக்கொள்வோம். அவர் தைத்த பாவாடை ஒன்றை ஓர் உறுப்பினர் இன்னும் வைத்திருக்கிறார். அதைப் பொதுக்குழுவின் பார்வைக்குக் கொண்டுவந்த அவருக்கு நன்றி.

ஜூலை மாதம் புத்தகக் கண்காட்சியை ஒட்டி நெய்வேலியில் கூடினோம். சென்னை, பெங்களூர், கோவை, புதுச்சேரி என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கூட்ட நிகழ்ச்சிகளை முன்பே சுற்றறிக்கையில் தெரிவித்துவிட்டதால் இங்கே விரிக்கவில்லை.

இந்த ஆண்டின் முக்கியமான பணி வீட்டு ஏடு. அது ஏன் வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நாம் வளர்ந்த வீடுகள் எதுவும் நம்முடையவை அல்ல. சுரங்க நிறுவனம் பணியாளர்களுக்குக் கொடுத்த குவாட்டர்ஸ். அப்பா ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பிறந்து வளர்ந்து பள்ளி முடித்து, கல்யாணமும் அந்த வாசலிலேயே நடந்தவர்கள் நம்மில் உண்டு. அவர்களும் ஒருநாள் லாரியில் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள்தான். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பட்டா இருக்கிறது, பூர்வீக வீடு இருக்கிறது, பங்காளிச் சண்டை போடவாவது ஒரு காணி இருக்கிறது. நமக்கு அந்தத் தெருவில் ஒரு செங்கல் கூடச் சொந்தமில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்கிறோம், அங்கே நமக்கு நான்கு பேரைக் கூடத் தெரியாது. ஆகவே எந்தக் கதவு எண்ணில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்தக் குடும்பம் இருந்தது என்பதை நாமே எழுதி வைத்தால்தான் உண்டு. நமக்கு உரிமையான ஆவணம் அது ஒன்றே.

வேலை எளிதாக இல்லை. ஒரே வீட்டில் அடுத்தடுத்து நான்கு குடும்பங்கள் இருந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு எதிர்வீட்டு நண்பனின் பெயர் நினைவிருக்கிறது, அவன் அப்பா எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்பது தெரியவில்லை. அம்மாக்களுக்கோ எல்லாம் நினைவிருக்கிறது. ஆண்டைக் கேட்டால், 'உன் தம்பி வயிற்றில் இருந்தபோது', 'முதல் டி.வி. வந்த தீபாவளிக்கு முன்னால்' என்று சொல்வார்கள். அதை வைத்தே பெரும்பாலான வீடுகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டோம்.

இரண்டு வீடுகளுக்கு நடுவே நின்ற பலாமரத்தை வைத்தவர் யார் என்பதில்தான் மூன்று குடும்பங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய பழத்தின் கொட்டையை அம்மா ஊன்றினார் என்கிறது ஒரு வீடு. கன்று வாங்கி நட்டவர் தன் தாத்தா என்கிறது அடுத்த வீடு. தாங்கள் குடிவந்தபோதே இடுப்புயரம் இருந்தது என்கிறது மூன்றாவது வீடு. சாட்சி சொல்ல மரம் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது அதுவும் வேரோடு விழுந்தது. மூன்று கூற்றுகளையும் அப்படியே ஏட்டில் பதிவு செய்வது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். மூன்று பேரும் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்.

ஏட்டுக்காகத் திரட்டிய நினைவுகளில் ஏறத்தாழ எல்லோரும் சொன்னது நைட் ஷிப்ட். ராத்திரி வேலை முடித்துவிட்டு வந்த அப்பாக்கள் பகலில் தூங்குவார்கள். கேட்டில் சைக்கிள் சாய்ந்து நின்று, ஜன்னலில் போர்வை தொங்கினால் அந்த வீட்டின் முன்னால் கிட்டி அடிக்கக்கூடாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தெருவுக்கே தெரியும். ஆட்டம் அப்படியே நகர்ந்து ஷிப்ட் இல்லாத வீட்டின் முன்னால் போய்விடும். காய்கறிக்காரர் கூட அங்கே கூவாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் சாம்பல் துகள் படிவதையும், சமையலறை மூலையில் லெக்கோ என்ற, பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த அடுப்புக்கரி மூட்டை நின்றதையும், பற்ற வைக்கும்போது கண் எரிந்தாலும் பிடித்துக்கொண்டபின் மணிக்கணக்கில் கனன்று வெந்நீர்த் தவலையைக் கொதிக்க வைத்ததையும் பலர் எழுதியிருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனம், பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் காவடி. மலையாளக் குடும்பங்களின் ஓணப் பாயசம் எந்த வீட்டிலிருந்து வரும் என்று எதிர்பார்த்து நின்றவர்கள் அந்த வீட்டுக் கதவு எண்ணைத் தவறாமல் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யும் பணியையும் தொடங்கியிருக்கிறோம். சுரங்கத்தில் பம்ப் பிரிவில் வேலை பார்த்த மாமா ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர்தான் நெய்வேலிச் சுரங்கத்தின் பெரிய சவால். அந்த நீரை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது பிளந்துவிடும். புயல் இரவுகளில் அவர் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்பது அவர் மகளுக்கே அன்றுதான் தெரிந்தது. மேல்மண்ணின் கடினமான மணற்பாறையில் ஜெர்மன் இயந்திரச் சக்கரத்தின் பற்கள் தேய்ந்து தேய்ந்து போனதையும், வெடி வைத்துத் தளர்த்திய பிறகே வெட்ட முடிந்ததையும் அவர் விளக்கினார். 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1961 இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்ததும் நாம் பாடமாகப் படித்தவை. அதை வேலையாகச் செய்தவர்கள் வாயால் கேட்பது வேறு. சோவியத் உதவியோடு அமைந்து 1962 இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்து, 2020 இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதில் உழைத்தவர்கள் பலரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பதிவுக் கருவியும் ஒரு மாலைப் பொழுதும் ஒதுக்க முடிந்த உறுப்பினர்கள் தயவுசெய்து காலம் தாழ்த்தாமல் முன்வர வேண்டும்.

இன்னொரு செய்தியை இந்த அவையில் வைப்பது என் கடமை. நம் தெரு வெறும் காட்டில் எழுந்ததல்ல. சுரங்கத்துக்கும் நகரியத்துக்குமாகப் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டன. நிலக்கரி இருப்பதை உலகுக்குக் காட்டித் தம் நிலத்தையும் வழங்கிய ஜம்புலிங்க முதலியாரின் பெயரை நாம் நன்றியோடு சொல்கிறோம். பெயர் தெரியாத எத்தனையோ குடியானவர்களும் வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். நாம் வாடகை வீட்டை விட்டதற்கே இத்தனை ஏங்குகிறோம். அவர்கள் விட்டது குலதெய்வம் இருந்த மண். நம் ஏட்டின் முதல் பக்கம் நமக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஓர் அக்கா முன்மொழிந்தார். செயற்குழு ஒருமனதாக ஏற்றது. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பெரியவர்கள் சிலரைச் சந்திக்கப் பேசி வைத்திருக்கிறோம்.

தெருவின் இன்றைய நிலை: சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் கூரை இறங்கியிருக்கிறது. உள்ளே நுழைவது ஆபத்து. ஜூலையில் சென்ற போது பலர் உணர்ச்சிவசப்பட்டுத் திண்ணை ஏறிவிட்டார்கள். இனி வெளியே நின்று படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய தண்ணீர்த் தொட்டியும் முனை வீட்டுக் கொன்றை மரமும் நன்றாகவே இருக்கின்றன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். உதவி தேவைப்பட்ட ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கு உறுப்பினர்கள் கொடுத்தது சங்கக் கணக்கில் வராது, கொடுத்தவர்கள் அப்படித்தான் விரும்பினார்கள்.

வரும் ஆண்டில் ஏட்டை அச்சிட எண்ணியுள்ளோம். இன்னும் விவரம் தராத வீடுகளின் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் பின்னணியில் தெரு தெரிகிற படம் எதுவானாலும் பிரதி எடுத்துத் தாருங்கள். ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வேலியும் கேட்டும் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவோம். அடுத்த கூடுகையைப் பங்குனி உத்திரத்தன்று வைக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. தேர்வுக் காலம் என்று பிள்ளைகளுள்ள வீடுகள் தயங்குவதால் இன்று விவாதித்து முடிவு செய்யலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்