தெப்பக்குளம் சுத்துறவங்க சங்கத்தோட ஆண்டறிக்கை, 2025-26

மதுரை தெப்பக்குளத்த சுத்தி நடக்குற நம்ம சங்கத்து ஆளுக எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ ஆண்டறிக்கைய நான் ஒரே பக்கத்துல முடிச்சுட்டேன், அதுக்கு நம்ம பொருளாளர் அண்ணன் "என்னப்பா, காதுகுத்து பத்திரிக்கையே இதவிட பெருசா அடிக்கிறாய்ங்க"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. அதனால இந்த தடவ வருகை நோட்டு அம்புட்டையும் எடுத்து வச்சு ரெண்டு ராத்திரி புரட்டிட்டுத்தான் எழுதுறேன். நீளமா போயிருச்சுன்னா அவரத்தான் கேக்கணும்.

கணக்க முதல்லயே சொல்லிருறேன், இல்லன்னா கடைசி வரைக்கும் யாரும் காது குடுக்க மாட்டீங்க. நோட்டுல பேரு இருக்குற உறுப்பினர் 71 பேர். சந்தா வரவு 38,400, நன்கொடை 21,000, ஆக 59,400 ரூவா. மோர் பந்தலுக்கு 23,750, அஞ்சு பறை வாங்குனதுக்கு 18,000, முதலுதவி பெட்டி, பிஸ்கட், நோட்டு, பேனான்னு சில்லறை செலவு 6,900. கையிருப்பு 10,750. சந்தா பாக்கி வச்சிருக்கவங்க பேர நான் வாசிக்கப் போறதில்ல, அவங்களுக்கே தெரியும், இப்ப பின்னாடி வரிசைல ஒக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஏப்ரல்ல புதுசா சேந்தவங்க 22 பேர். பாதிக்கு மேல டாக்டர் சொல்லி வந்தவங்க, சுகர், பிரஷர், முட்டி வலி. ஆடி முடியிறப்ப நோட்டுல கையெழுத்து தொடர்ந்து விழுந்தது 9 பேருக்குத்தான். மிச்சப்பேரு என்ன ஆனாங்கன்னு போன் போட்டா "வேலை", "மழை", "பேரனுக்கு ஸ்கூல்"னு சொன்னாங்க, அதெல்லாம் நெசமாவும் இருக்கலாம். ஆனா இந்த 9 பேருக்கு மட்டும் மழை பெய்யலையா, பேரன் இல்லையான்னு எனக்கு ஒரு கேள்வி வந்துருச்சு. பேர ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். அம்புட்டு பேருகிட்டயும் சங்கத்துல ஒரு வேலை இருந்துச்சு. ஒருத்தர் தண்ணி கேன் எறக்கி வைக்கிறவரு. வளையல் கடை அக்கா வராதவங்களுக்கு போன் பண்ணி வைய்யிற பொறுப்பு. ஆட்டோ தம்பி கண்ணு தெரியாத பெரியவர் ஒருத்தர கையப்பிடிச்சு ரெண்டு சுத்து கூட்டிட்டு போறவரு. உடம்ப கொறைக்கணும்னு மட்டும் வந்தவங்க நின்னுட்டாங்க, இன்னொருத்தருக்காக வந்தவங்க இன்னும் வந்துக்கிட்டு இருக்காங்க, அவங்க உடம்பும் சேந்து கொறைஞ்சிருக்கு.

என் கதையும் அதேதான். மில்லுல ரிட்டையர்டு ஆகி ரெண்டு வருஷம் சோபாவுலயே கெடந்தேன், வீட்டம்மா "இனிமே அதுக்கு வாடகை குடுங்க"ன்னு சொல்லுச்சு. இங்க சேந்து அஞ்சாவது நாளே நின்னவன் நான். அப்ப இருந்த செயலாளர் வீடு தேடி வந்து, திட்டாம ஒண்ணும் சொல்லாம, இந்த வருகை நோட்டையும் ஒரு பேனாவையும் திண்ணைல வச்சுட்டு போயிட்டாரு. நோட்டு என்கிட்ட இருக்கு, நான் போகலன்னா யாரும் கையெழுத்து போட முடியாது, வேற வழி இல்லாம எந்திரிச்சு போனேன். இன்னிக்கு வரைக்கும் போயிக்கிட்டு இருக்கேன்.

குளத்தப் பத்தி ஒரு வார்த்தை. 1645ல திருமலை நாயக்கர் வெட்டுனது, மகால் கட்ட மண்ணெடுத்த பள்ளம்னு சொல்லுவாங்க. ஒரு சுத்து வந்தா ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும். தண்ணி இல்லாத காலத்துல உள்ள எறங்கி கிரிக்கெட் ஆடுனவன் நான், இப்ப வைகைத் தண்ணி பனையூர் கால்வாய் வழியா வந்து நெறஞ்சு கெடக்குறத பாக்குறப்ப ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் நம்ம பிட்ச் போச்சேன்னு இருக்கு.

நம்ம டாக்டர் உறுப்பினர் ஜூன் மாசம் ஒரு நாள் எல்லாரையும் படில ஒக்கார வச்சு பேசுனாரு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு வாரத்துக்கு கொறைஞ்சது 150 நிமிஷம் மிதமான வேகத்துல நடக்கணும். வேகம் சரியான்னு பாக்க மெஷின் எதுவும் வேணாம், நடக்குறப்ப பேச முடியணும், பாட முடியக் கூடாது, அம்புட்டுதான்னாரு. ஒடனே எல்லாரும் திரும்பி ஒருத்தரப் பாத்தோம். யாருன்னு சொல்லவே வேணாம். நம்ம டி.எம்.எஸ். பக்தர் நாலு சுத்துக்கும் பாட்ட நிறுத்தவே மாட்டாரு, சரணத்துல சங்கதி எல்லாம் விழும். அப்ப இத்தன வருஷமா அவரு நடக்கவே இல்லையான்னு ஒரே சிரிப்பு. அதுக்கு அவரு "டி.எம்.எஸ். நம்ம மதுரைக்காரரு, முனிச்சாலைல 2023ல சிலையே வச்சுட்டாங்க, அந்தப் பக்கம் போறப்ப பாடாம போறது மரியாதையா"ன்னு கேட்டாரு. கடைசில டாக்டரே சமாதானத்துக்கு வந்து, மூணு சுத்து வேகமா, கடைசி சுத்து பாட்டோடன்னு முடிவாச்சு. அந்த கடைசி சுத்துக்கு மட்டும் வர்ற ஆளுக இப்ப ஏழெட்டு பேர் இருக்காங்க. அவங்க சந்தாவும் வாங்கிருக்கேன்.

பாட்டோட நிக்கல, பறைக்கு வந்துச்சு. இத கொஞ்சம் விவரமா சொல்லணும்.

அலங்காநல்லூர் பக்கத்து காலேஜ் தம்பி ஒருத்தன் ஞாயித்துக்கிழமை காலைல வந்து சும்மாவே கத்துக்குடுக்குறேன்னு சொன்னான். கமிட்டில பேச்ச எடுத்ததும் ஒரு உறுப்பினர் "காலங்காத்தால சாவு மோளமா"ன்னாரு. கூடவே இன்னும் நாலு பேர் தலைய ஆட்டுனாங்க. தலைவர் அன்னிக்கு பேசுனது எனக்கு இன்னும் காதுல இருக்கு, "அடிக்கிற கைய பாத்துட்டு தோல குத்தம் சொல்றீக"ன்னாரு. அதுக்கு மேல யாரும் பேசல. சாவு மோளம்னு சொன்னவரு சங்கத்த விட்டு போயிட்டாரு, திரும்பக் கூப்பிட்டோம், வரல. இதுல நான் யோக்கியன்னு சொல்லிக்க மாட்டேன். முதல் நாள் பறைய கைல வாங்குனப்ப, வீட்டுக்கு கொண்டு போனா தெருவுல என்ன நெனைப்பாங்கன்னுதான் முதல்ல தோணுச்சு. அதனாலதான் டீக்கடை அண்ணன் கடைக்குப் பின்னால ஒரு பெட்டில வச்சு பூட்டலாம்னு யோசனை சொன்னதே நான்தான். கடை தொந்தரவு, எடம் தொந்தரவுன்னு காரணம் ஏதேதோ சொன்னேன். இப்ப ஒத்துக்கிறேன்.

இடது கைல நீளமா மெலிசா மூங்கில் குச்சி, அதுக்கு சிண்டுக்குச்சின்னு பேரு. வலது கைல கட்டையா இருக்குறது அடிக்குச்சி. முதல் மாசம் ரெண்டு கையும் ஒண்ணாத்தான் விழுந்துச்சு, தம்பி தலைல அடிச்சுக்கிட்டான். பனி காலைல தோல் தொங்கிப் போயி சத்தம் பொத்து பொத்துன்னு வரும், கொட்டாங்குச்சி, காகிதம் கொளுத்தி அந்த அனல்ல வட்டமா திருப்பித் திருப்பிக் காட்டுவான், ரெண்டு நிமிஷத்துல தட்டுனா ஜிங்குன்னு கேக்கும். அந்த சத்தத்துக்கே கால் சும்மா நிக்காது. நின்ன எடத்துல அடிக்கிறது பாதிதான், அடவு வச்சு முன்ன பின்ன போயித்தான் அடிக்கணும், அரை மணி நேரத்துல சட்டை நனைஞ்சிரும். முட்டி வலின்னு படி எறங்க மாட்டேன்னு சொன்ன அக்கா ஒண்ணு மூணாவது மாசம் அடவு போட்டுக்கிட்டு இருந்துச்சு. முட்டி வலி போயிருச்சான்னு கேட்டேன், "இருக்கு, ஆனா இப்ப அது என்னைய கேக்காம வர்றதில்ல"ன்னுச்சு. என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் வெளங்கல.

பெட்டி சாவி போஸ்ட்மாஸ்டர் ஐயாகிட்ட. அவரு வீட்டம்மா தவறுனதுக்கு அப்புறம் எட்டு மாசம் வெளியவே வரல. நாங்க போயி கூப்பிட்டா "வர்றேன் வர்றேன்"ம்பாரு, வர மாட்டாரு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாவிய குடுத்துட்டு, நாளைக்கு ஏழு மணிக்கு திறந்து விடுங்க ஐயான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன், எனக்கு நோட்டு வந்த மாதிரி. மறுநாள் ஆறே முக்காலுக்கு கடை வாசல்ல நிக்கிறாரு, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில சாவிய நூல் கட்டி தொங்க விட்டிருக்காரு. அதுக்கப்புறம் அவரு வராத ஞாயிறு ரெண்டே ரெண்டு, நோட்டுல இருக்கு, ரெண்டு தடவையும் சாவிய பேத்திகிட்ட குடுத்து விட்டாரு. அடிக்க மாட்டாரு. ஓரமா ஒக்காந்து தொடைல தாளம் போடுவாரு. மார்கழில ஒரு நாள் ஆள் கொறைவு, ஒரு பறை சும்மா இருந்துச்சு, எடுத்து மடில வச்சு விரலால ரெண்டு தட்டு தட்டிட்டு திரும்ப வச்சுட்டாரு. நாங்க யாரும் பாக்காத மாதிரி இருந்தோம்.

முதல்ல அஞ்சரைக்கு ஆரம்பிச்சோம், பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க, அவங்க சொன்னது நியாயம், ஏழு மணின்னு மாத்தியாச்சு.

மோர் பந்தல். 2025 மே 12 அழகர் ஆத்துல எறங்குன நாளு, அவரு வண்டியூருக்கு போற பாதைல நாம பந்தல் போட்டோம். காலைல நாலு மணிக்கு இஞ்சி, பச்சமிளகா, கருவேப்பில அரைச்சாச்சு, பெருங்காயம் கரைச்சாச்சு, தயிர அண்டால ஊத்தி கடைஞ்சாச்சு. உப்பு மட்டும் ரெண்டு தடவ விழுந்துருச்சு. நான் போட்டேன், நான் போட்டதத் தெரியாம பொருளாளர் அண்ணனும் போட்டுட்டாரு, அவரு இன்னும் ஒத்துக்கல. தண்ணியும் தயிரும் இன்னும் சேத்து சரிக்கட்டுனதுல மோர் ரெட்டிப்பாகி, பத்து மணிக்கு தீரும்னு நெனச்சது ரெண்டு மணி வரைக்கும் ஓடுச்சு. அழகர் கட்டிட்டு வந்தது பச்சை பட்டா செவப்பு பட்டான்னு பேசிக்கிட்டே வந்த கூட்டம் சொம்பு சொம்பா குடிச்சுட்டு போச்சு. பத்து மணி நேரம் நின்னுருக்கேன், வழக்கமா பேங்க் கியூல பத்து நிமிஷம் நின்னா இடுப்பு பிடிக்கும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து செருப்ப கழட்டுறப்பதான் கால் இருக்குறதே தெரிஞ்சுச்சு.

ரத்த தான முகாம் செப்டம்பர்ல. நானே முதல் ஆளா போயி படுத்துக்கலாம்னு பேர குடுத்தேன், வயசு 62, இதுவரைக்கும் குடுத்ததே இல்லன்னதும் அந்தப் பொண்ணு "ஐயா, 60க்கு மேல முதல் தடவ குடுக்கக் கூடாது"ன்னுருச்சு. ஏற்கனவே குடுத்து பழகுனவங்க 65 வரைக்கும் குடுக்கலாமாம். நாப்பது வருஷமா மில் வாசல்லயே எத்தனையோ முகாம் நடந்துச்சு, ஒவ்வொரு தடவையும் ஊசிக்கு பயந்து சைக்கிள எடுத்துட்டு ஓடுனவன் நான். இளைய ஆளுக இத கேட்டுக்கோங்க. 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா போதும், எடுக்குறது 350 மில்லி, ஆம்பளைக மூணு மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைக நாலு மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கலாம். நம்ம அக்கா தங்கச்சிக நெறைய பேர் அந்த 12.5 வராமதான் திரும்புனாங்க, வளையல் கடை அக்கா அழுதே போச்சு. நானும் அதுவும் சேந்து குடுத்தவங்களுக்கு ஜூஸ், பிஸ்கட் குடுக்குற வேலையப் பாத்தோம். டிசம்பர்ல அது டாக்டர பாத்து மாத்திரை, முருங்கைக்கீரைன்னு விடாம இருந்து மறுபடி போயி குடுத்துட்டு வந்துருச்சு. கைல ஒட்டுன பஞ்ச ரெண்டு நாளு எடுக்கவே இல்ல.

விளையாட்டுப் போட்டி பொங்கலுக்கு வச்சது. வேகநடைல ஒருத்தர் ஓடிட்டாரு, அதுவும் வார்ம்-அப் இல்லாம, தொடைக்கு பின்னால சதை பிடிச்சு மூணு வாரம் கட்டு. வார்ம்-அப் பண்ண வைக்காதது என் தப்பு, இனிமே பத்து நிமிஷம் அதுக்கு ஒதுக்காம விசில் ஊத மாட்டேன். அன்னிக்கு ஜெயிச்சது என்னமோ பாண்டி ஆட்டம்தான். பேரப்புள்ளைகளுக்குன்னு கட்டம் போட்டோம், ஒரு பாட்டி வந்து ஒடஞ்ச ஓட்டுச் சில்ல பொறுக்கி, எச்சி தொட்டு எறிஞ்சுச்சு, சரியா அஞ்சாவது கட்டம். சேலைய ஏத்திச் சொருகிக்கிட்டு ஒத்தக் கால்ல நொண்டிப் போயி எடுத்துட்டு வந்துச்சு பாருங்க, புள்ளைக வாயப் பொளந்துருச்சுக. கடைசி வரைக்கும் சின்னப்புள்ளைகளுக்கு கட்டமே கெடைக்கல.

நவம்பர் 28ல இருந்து டிசம்பர் 10 வரைக்கும் சென்னைலயும் நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ்லயும் ஜூனியர் உலகக்கோப்பை ஹாக்கி நடந்துச்சுல்ல, 24 நாட்டு டீம். நாமளும் ஒரு வேன் பிடிச்சு போயிட்டு வந்தோம். கோப்பைய ஜெர்மனி அடிச்சுட்டு போயிருச்சு, நம்ம பயலுகளுக்கு வெண்கலம். மதுரைல ஒக்காந்து உலகக்கோப்பை பாப்போம்னு எங்க அப்பாகிட்ட சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டாரு. வேன்ல திரும்பி வர்றப்ப கடைசி சீட்டுல பறை தாளம் வாயாலேயே ஓடுச்சு, டிரைவர் அண்ணன் ஹாரன்ல பதில் குடுத்தாரு.

அடுத்த வருஷத்துக்கு கமிட்டி முடிவு பண்ணது: புதுசா சேர்றவங்களுக்கு முதல் வாரத்துக்குள்ள ஒரு வேலை, சின்னதா இருந்தாலும் சரி. விசில், கோன், தண்ணி கேன், பருத்திப்பால் காசு வசூல், எதுவோ ஒண்ணு. இந்த நோட்டையும் நான் இன்னிக்கோட விடுறேன். யாருக்கு குடுக்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா அவரு மூணு வாரமா வரல, அதனால சாயங்காலம் அவரு வீட்டுத் திண்ணைல போயி வைக்கணும்.

ஒரு விஷயம் மறந்துட்டேன். மோர் பந்தலுக்கு எடுத்த அண்டா மூணுல ரெண்டுதான் டீக்கடைல இருக்கு. மூணாவது நம்ம ஆளுக யாரோ ஒருத்தர் வீட்டுல தண்ணி பிடிச்சு வச்சிருக்காங்க, இந்த சித்திரைக்குள்ள கழுவி கொண்டு வந்துருங்க.

இப்படிக்கு,
செயலாளர்