செவலையைக் கறக்கறத நிறுத்தியாச்சு

கண்ணு தேவிக்கு, அப்பா எழுதறது.

போன் போட்டா "மீட்டிங்ல இருக்கேம்பா"ன்னு வெச்சிடற. அதான் எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம்.

போன வாரத்தோட செவலையைக் கறக்கறத நிறுத்திட்டோம். வைகாசியில கன்னு போட்டது, ஆவணியில ஊசி போட்டு சினை நின்னது. பத்து மாசம் பால் குடுத்திருக்கு. கன்னு போட்டு ஒன்றரை மாசத்துல 14 லிட்டர் கறந்தது, இப்ப ரெண்டு வேளையும் சேர்த்து நாலுதான். அந்த நாலையும் விட உங்கம்மாவுக்கு மனசு வரல, சொசைட்டி காசு போகுதேன்னா. நான் ஒத்துக்கல. தாத்தா வெச்சிருந்த நாட்டு மாடுங்க ஏழெட்டு மாசத்துல தானா வத்திடும். இந்த ஜெர்சி கிராஸ் அப்படியில்ல, கறக்கக் கறக்க குடுத்துக்கிட்டே இருக்கும். நாமதான் பார்த்து நிறுத்தணும். தவிடு, புண்ணாக்கைக் குறைச்சு வெறும் வைக்கோல் போட்டேன். டாக்டர் வந்து காம்புல மருந்து ஏத்திட்டுப் போனார். அடுத்த கன்னுக்கு முன்னாடி 60 நாளாவது மடிக்கு ஓய்வு வேணும். விடாம கறந்தா சீம்பால் சத்தில்லாம போகும், அடுத்த ஈத்துல பாலும் குறையும்.

உனக்கும் எட்டாம் மாசம் பொறந்துடுச்சு. வளைகாப்பு முடிஞ்ச மறுநாளே பஸ் ஏறிட்ட. அன்னிக்கு உன் கால் வீங்கியிருந்தத நான் பார்த்தேன். டாக்டர்கிட்ட காட்டினியா? ராத்திரி ஷிப்டு இன்னும் போறியா? லீவையெல்லாம் குழந்தை பொறந்த அப்புறத்துக்கு சேர்த்து வைக்கறியாம், அம்மா சொன்னா. 2017லயே சட்டத்த மாத்தி பிரசவ லீவை 26 வாரம் ஆக்கிட்டாங்க. அதுல 8 வாரம் முன்னாடியே எடுத்துக்கலாம். கேட்டு வாங்கும்மா. உனக்கு உள்ளது அது.

நம்ம வகையறாவுல டீம் லீடர் ஆன மொத பொண்ணு நீ. பொய்கை சந்தைக்குப் போனாகூட மாடு விலைய விட்டுட்டு உன்னப் பத்திதான் பேசறேன். ஆனா எப்ப வரேன்னு பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலியே.

வேலூர் வெயிலுக்கு பயந்து தள்ளிப் போடாத. உன் ரூமுக்கு மேல தென்னங்கீத்து போட்டாச்சு. வங்காளம், அசாம்ல இருந்தெல்லாம் சிஎம்சி ஆஸ்பத்திரிய தேடி வராங்க, நமக்கு பக்கத்துலயே இருக்கு. மாப்பிள்ளைகிட்ட நான் பேசணும்னாலும் பேசறேன்.

பஸ்ல வராத, ரயில்ல கீழ் பெர்த் போட்டு வா. தேதிய மட்டும் சொல்லு, காட்பாடிக்கு ஆட்டோ எடுத்துக்கிட்டு நான் வரேன்.

அப்பா