தோற்றால் பெயரைச் சொல்ல வேண்டும்

குவாதலஹாரா,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சாவை விடப் பெரிய இழப்பை ஒரு விளையாட்டுக்குள் எப்படி வைப்பது என்று நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதில் கையில் இல்லாமல் எழுத மனம் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பதில் என் கண்முன்னாலேயே நடந்தது. அதைச் சொல்லத்தான் காலையில் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம். உன் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மனுஷர் மறுபடி தையல் மெஷினில் உட்கார அவசரப்படுவார். டாக்டர் சரி என்கிறவரை பெடலை மிதிக்க விடாதே. நாங்கள் இங்கே நலம். வீடு மாற்றிவிட்டோம், இந்த வீட்டில் காலை வெயில் சமையலறை வரை வருகிறது. புளி தாராளமாகக் கிடைக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அதை மிட்டாயாகவும் ஜூஸாகவும் சாப்பிடுகிறார்கள். கறிவேப்பிலைக்குத்தான் வழியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைதோறும் மொட்டை மாடியில் நீ நடத்தும், ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டில் யாருக்கும் பயமே இல்லை என்று எழுதியிருந்தாய். ஹிட் பாயிண்ட், அதாவது கேரக்டரின் உயிர்க் கணக்கு, குறைந்தால் குறையட்டும் என்று இருக்கிறார்கள், கேரக்டர் செத்தால் அடுத்த வாரம் புதுக் கேரக்டர் எழுதிய ஷீட்டோடு வேறு பெயரில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றாய். அதனால் அடுத்த கதைக்கு மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தத்தை எடுக்கலாமா, கலர்கலராக இருக்குமே என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஆனால் கலருக்காக எடுக்காதே.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வேலையாக மெக்சிகோ சிட்டி போயிருந்தேன். வேலை முடிந்ததும் நேராக அரேனா மெக்சிகோ. 1956-ல் கட்டிய அரங்கம், பதினாறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் அங்கே லூச்சா லிப்ரேதான், நீ கேட்ட அதே முகமூடி மல்யுத்தம். முறைப்படி சண்டை போடுகிறவர்களைத் தெக்னிகோ என்கிறார்கள், குறுக்குவழியில் போகிறவர்களை ரூதோ. மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். அன்று மூன்றாவது ஆட்டத்தில் ஆளுக்கொரு சுற்று ஜெயித்து, கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. நீல முகமூடி போட்ட தெக்னிகோ ஒருவன் எதிராளியை மூலையில் சாய்த்துவிட்டான், இன்னும் ஒரு அடி போதும். ரெஃப்ரி வேறு பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இன்னொரு ரூதோ பின்னால் வந்து அவன் பின்மண்டையில் கை வைத்தான். முகமூடிக்குப் பின்பக்கம் ஷூவுக்குப் போடுவது போல லேஸ் கோத்துத்தான் கட்டியிருப்பார்கள். லேஸ் உருவிக்கொண்டு வந்தது. முகமூடி கையோடு போயிற்று.

அந்த ஆள் திருப்பி அடிக்கவில்லை மாப்ளே. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குப்புற விழுந்தான். அவனைப் புரட்டிப் போட்டு அமுக்கினார்கள். ரெஃப்ரி ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையைத் தட்டி எண்ணி முடிக்கும்வரை கை முகத்தை விட்டு நகரவே இல்லை. கையை ஊன்றி ஒரு தோளைத் தூக்கியிருந்தால் தப்பித்திருப்பான். கையை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு பையன் துண்டோடு ஓடி வந்து அவன் தலையை மூடினான். என் பக்கத்தில் ஒரு பாட்டி, அதுவரை ரூதோக்களுக்காகத் தொண்டை கட்டக் கத்தியவர், பேரனின் கண்ணைத் தன் கையால் மறைத்துக்கொண்டார்.

உன் மொட்டை மாடியில் இல்லாதது இதுதான்.

இந்த ஊரில் சண்டை நடுவில் முகமூடியைப் பிடுங்குவது குற்றம், ரெஃப்ரி பார்த்துவிட்டால் பிடுங்கியவன் தோற்றான். முறையாக முகமூடி கழல ஒரே வழிதான் உண்டு. அதற்கு அபுவெஸ்தா என்று பெயர், பந்தயம். இருவரும் சம்மதித்து, முன்கூட்டியே அறிவித்து, முகமூடிக்கு முகமூடி வைத்து மோத வேண்டும். முகமூடி இல்லாதவன் தலைமுடியைப் பந்தயம் வைப்பான். தோற்றவன் அதே மேடையில் லேஸை அவிழ்த்து முகத்தைக் காட்டி, தன் சொந்தப் பெயரையும் பிறந்த ஊரையும் எத்தனை வருஷமாகச் சண்டை போடுகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். முடி திரும்ப வளரும். அப்படிக் கழன்ற முகமூடியை மறுபடி போடக்கூடாது என்பது இங்கே மரபு.

முகமூடி வந்த கதை உன் அப்பாவுக்குப் பிடிக்கும். இந்த விளையாட்டைத் தொழிலாக நிலைநிறுத்தியவர் சல்வதோர் லூத்தெரோத். 1933-ல் அவர் ஆரம்பித்த அமைப்பு பெயர் மாறினாலும் இன்றும் நடக்கிறது. அடுத்த வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மல்லருக்கு முகமூடி வேண்டியிருந்தது. அவருக்குத் தைத்துக் கொடுத்தவர் அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற செருப்புத் தொழிலாளி, செருப்புக்குப் பேர் போன லெயோன் ஊர்க்காரர். தலையில் 17 அளவு எடுத்தார் என்கிறார்கள். முதலில் செய்தது தோலில். காலுக்கு லேஸ் கோத்தவர் தலைக்கும் லேஸ் கோத்துவிட்டார், அவ்வளவுதான். அவர் குடும்பம் அந்தத் தொழிலை விடவில்லை. சட்டைக்கு அளவு எடுக்கும்போது அப்பா காதில் பென்சில் செருகிக்கொண்டு நம்மை அசையாதே என்பாரே, அந்தப் பதினேழு அளவைப் படித்தபோது அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

உனக்கு முழு நீளக் கதை வேண்டுமென்றால் எல் சாந்தோவை எடுத்துக்கொள். வெள்ளி முகமூடி. 1942-ல் அந்தப் பெயரில் மேடை ஏறியவர். 1952 நவம்பர் 7-ம் தேதி அரேனா கொலிசேயோவில் பிளாக் ஷேடோ என்பவரோடு முகமூடிப் பந்தயம். சாந்தோ ஜெயித்தார், பிளாக் ஷேடோ முகத்தைக் காட்டிப் பெயரைச் சொன்னார். பிளாக் ஷேடோவுக்கு ஒரு ஜோடி உண்டு, ப்ளூ டீமன். கூட்டாளியின் முகமூடி போனதற்குப் பழி வாங்க அவர் கிளம்பினார், 1953-ல் சாந்தோவிடமிருந்து வெல்டர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்தைப் பறித்தார். பட்டம் கிடைத்தது, சாந்தோவின் முகமூடி கடைசிவரை கிடைக்கவில்லை. சாந்தோ ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார், எல்லாவற்றிலும் முகமூடியோடு. 1984 ஜனவரியில் ஒரு டிவி நிகழ்ச்சியில், யாரும் கேட்காமலே முகமூடியைச் சற்றே தூக்கி முகத்தைக் காட்டினார். பிப்ரவரி 5-ம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். முகமூடியோடுதான் புதைத்தார்கள். ப்ளூ டீமன் 2000-ல் இறந்தார், அவரையும் அப்படியே.

பிளாக் ஷேடோவைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். முகமூடி போன பிறகும் அவர் பல வருஷம் மேடையில் இருந்தார். உன் ஆட்டத்தில் செத்த கேரக்டர் புது ஷீட்டில் வந்துவிடுகிறான். இவர் அதே ஆளாக, அதே பெயரோடு, ஊரே பார்த்துவிட்ட முகத்தோடு மறுவாரம் மேடை ஏற வேண்டியிருந்தது. சாவை விடப் பெரிய இழப்பை ஒரு விளையாட்டுக்குள் எப்படி வைப்பது என்று நீ கேட்டாய் அல்லவா?

அப்புறம் பொம்மை. அரங்க வாசலில் ஒரு அம்மாவிடம் வாங்கினேன், ஒன்றின் விலை இரண்டு டாக்கோ விலை கூட வராது. உள்ளங்கை அளவு கெட்டி பிளாஸ்டிக். இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் விலாவோரமாக ஒரு கோடு தடவினால் தெரிகிறது. கால் அகட்டி, கை இரண்டையும் மடக்கித் தூக்கி, எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரி நிற்கின்றன. ஒரே அச்சு, ஒரே உடம்பு. சாந்தோவும் அதே உடம்புதான், ப்ளூ டீமனும் அதே உடம்புதான். முகத்தில் பிரஷ்ஷால் தீட்டிய பெயின்ட் மட்டும் வேறு, ஒன்றிரண்டில் கண்ணோரம் வழிந்திருக்கிறது. கழுத்தில் ஒரு துண்டுத் துணி. நாலு கட்டையும் ரப்பர் கயிறும் வைத்து மரத்தில் மேடை தனியாக விற்கிறார்கள். உடம்பு எல்லோருக்கும் பொது, முகமூடிதான் ஆள் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. கை கால் மடங்கும் விலை உயர்ந்த பொம்மைகளையும் பார்த்தேன், எனக்கு அவை வேண்டியிருக்கவில்லை.

ஜப்பானிலும் இது நடந்தது. 1971-ல் மில் மாஸ்கராஸ் என்ற மெக்சிகோ மல்லர் அங்கே போனதிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முகமூடிப் பைத்தியம் இன்னும் ஏறியது. 1979-ல் வந்த கின்னிக்குமான் என்ற மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், கதாநாயகனின் முகத்தை யாராவது பார்த்துவிட்டால் அவன் உயிர் துறக்க வேண்டும் என்று குலச் சட்டமே உண்டு. அந்தக் கதை மல்லர்களை 1983 முதல் பண்டாய் கம்பெனி சின்னச் சின்ன ரப்பர் பொம்மைகளாகப் போட்டது, நானூறுக்கு மேல். 1985-ல் மேட்டெல் கம்பெனி அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வெளிர் ரோஸ் நிறத்தில் விற்றது. ஆனால் மாங்கா கூடவே போகவில்லை. அங்கே பிள்ளைகள் கையில் கிடைத்தது விசித்திரமான உருவங்கள் மட்டும். ஆசையாகச் சேர்த்தார்கள், அது உண்மை. ஆனால் அந்த முகமூடி கழன்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பொம்மையோடு பந்தயமும் சேர்ந்து போயிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. ஃப்ரை தொர்மெந்தா என்று ஒரு பாதிரியார், அநாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றப் பணம் தேடி முகமூடி போட்டு மல்யுத்தம் செய்தவர். 1994-ல் வந்த டெக்கன் வீடியோ கேமில் ஜாகுவார் முகத்தோடு வரும் கிங் அவரை வைத்துப் பிறந்தவன்தான். செய்தவர்கள் முகமூடியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த அநாதை இல்லத்தையும் சேர்த்து எடுத்தார்கள். அதனால்தான் கிங் மனசில் நிற்கிறான்.

மேஜை விளையாட்டில் நேதன் பவோலெட்டாவின் வேர்ல்ட் வைட் ரெஸ்லிங், 2015-ல் வந்தது, உனக்கு உதவும். அதில் யார் ஜெயிப்பது என்பதை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் முன்பே மனசில் வைத்துக்கொள்ளலாம். ஆடுகிறவர்களுக்கு முக்கியம் கூட்டம் யார் பக்கம் இருக்கிறது என்பது. அந்தக் கூட்டத்தை அப்படியே எடுத்துக்கொள். மற்றபடி நான் யோசித்தது இது. எல்லோருக்கும் ஒரே உடம்பு, ஒரே எண்கள், பொம்மை மாதிரி. ஷீட்டின் முன்பக்கம் முகமூடியின் படமும் மேடைப் பெயரும். பின்பக்கம் சொந்தப் பெயர், ஊர், வருஷம், முகமூடி போட்டதற்குக் காரணம். அந்தப் பக்கத்தை மடித்து ஊசி நூலால் தைத்துவிட வேண்டும். உனக்கும் தெரியக்கூடாது. சாதாரண ஆட்டத்தில் தோற்றால் ஒன்றும் போகாது. இரண்டு பேர் முந்தின வாரமே எல்லோர் முன்னாலும் பந்தயம் சொன்னால்தான் முகமூடி மேஜைக்கு வரும், வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு. தோற்றவர் தானே நூலைப் பிரித்து, எழுந்து நின்று, எழுதியதைப் படிக்க வேண்டும். பிறகு அதே ஷீட்டோடு அடுத்த வாரம் வர வேண்டும். புது ஷீட் கிடையாது, அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ரூதோவுக்கு ஒரு சலுகை கொடு. ரெஃப்ரிக்குத் தனி டைஸ் உருட்டி, அது ஒன்றோ இரண்டோ விழுந்தால் அவர் கண் வேறு பக்கம்.

எட்டாம் வகுப்பில் நாம் விளையாடிய டபிள்யூ டபிள்யூ எஃப் கார்டு ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க். எல்லாம் உடம்புக் கணக்கு, ஒரு கதையும் கிடையாது. இருந்தாலும் அண்டர்டேக்கர் கார்டை இறக்கும்போது உன் கை நடுங்கும். தோற்றால் கார்டே என் கைக்கு வந்துவிடும், அதனால்தான். நீ அன்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாய், மறுநாள் காலை நான் அதைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்தாய். ஜெயித்துத்தான் வாங்குவேன் என்றாய். எனக்கு உன்னைப் பிடித்துப்போனது அந்தக் காலையில்தான், இதை உன்னிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் சென்னை வருகிறார், அவரிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு ஒரு நல்ல முகமூடி, கட்டுவதற்கு லேஸ் வைத்தது. தையலைப் பிரித்துப் பார்க்கச் சொல், எத்தனை துண்டு, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று அவருக்கு ஒரு மத்தியானம் போகும், கால் வலியும் மறக்கும். பாப்பாவுக்கு மூன்று பொம்மை. இரண்டு பேரை அவளுக்கே அடையாளம் தெரியும், நீ இந்தக் கதையைச் சொன்னால். மூன்றாவதைப் பெயின்ட் அடிக்காமல் கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். எதற்கென்று கேட்டார், தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன், காசு வாங்காமல் கொடுத்தார். அதற்கு முகம் பாப்பாதான் போட வேண்டும். மேடைப் பெயர் வைத்ததும் எனக்கு எழுதச் சொல். சொந்தப் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி