ஜப்பான் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கியோட்டோவில் ஒரு வேளை கைசெகி என்னும் பல சுற்று விருந்து, டோக்கியோவில் சோற்றின் மேல் மீன் வைத்துத் தரும் சுஷி உணவகம் ஒன்று என்று உங்கள் பயணத்திட்டங்களில் இப்போது உயர்தர உணவகங்களும் சேர்ந்துவிட்டன. மகிழ்ச்சி. ஆனால் 'சைவம் உண்டு' என்ற ஒற்றை வரியை நம்பிப் பயணிகளை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். வருகிறவர் எத்தனை பேரோ அதற்கு அளவாகத்தான் அன்றைய மீனும் காயும் வாங்குகிறார்கள். சொல்ல வேண்டியதை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். இலை போட்ட பிறகு பேசுவது நம்மூர் வழக்கம்.

பெரிய சிக்கல் சைவம்தான். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் வரும். 'மீனும் வேண்டாம்' என்றாலும் தாஷி வரும். கொன்பு என்னும் கடற்பாசியையும் கட்சுஓபுஷியையும் வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் சாறு அது. கட்சுஓபுஷி நம் மாசிக் கருவாட்டுக்கு உறவு: அதே சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோலக் காயவைத்துச் சீவுகிறார்கள். சோயா விழுது கரைத்த மிசோ சூப், வேகவைத்த காய், முட்டைச் சுருள், மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு என எல்லாவற்றுக்கும் அடிச்சுவை பெரும்பாலும் அதுதான். கண்ணுக்குத் தெரியாது. சமைப்பவர் பலர் அதை மீன் என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 'மீன் தாஷியும் கூடாது' என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். முடியாது என்று பதில் வந்தால் வற்புறுத்த வேண்டாம். கண்டிப்பான சைவர்களை ஷோஜின் ரியோரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பௌத்த மடங்களின் சமையல் அது. கொன்பும் காய்ந்த ஷிடாகே காளானும்தான் சாறு, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. கியோட்டோவின் தென்ரியூஜி கோயிலில் உள்ள ஷிகெட்சு உணவகத்திலும் கோயாசான் மலையின் மடத்து விடுதிகளிலும் கிடைக்கும்.

கைசெகியில் சோறு கடைசியில்தான் வரும். சிறு சிறு தட்டுகளாகப் பல சுற்று முடிந்து சோறு, ஊறுகாய், மிசோ சூப் மூன்றும் சேர்ந்து வந்தால் விருந்து முடியப்போகிறது என்று அர்த்தம். இதை முன்னமே சொல்லாவிட்டால், சோற்றில் தொடங்கிப் பழகிய நம்மவர்கள் முதல் தட்டிலேயே ஏமாந்துபோவார்கள். சூப்புக் கிண்ணத்தைக் கையில் ஏந்தித்தான் குடிக்க வேண்டும். மூடி இறுகிக்கொண்டால் இழுக்கக் கூடாது; கிண்ணத்தின் விளிம்பை இரு பக்கமும் மெல்ல அழுத்தினால் காற்று புகுந்து விட்டுவிடும். குடித்ததும் மூடியை முன்பு இருந்தபடியே மூடுங்கள். தலைகீழாக வைத்தால் அரக்குப் பூச்சு கீறிவிடும். பெரிய மோதிரங்களையும் கழற்றிவிடுவது நல்லது.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவு மாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் கைமாற்றுகிறார்கள். துக்க வீட்டில் இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று பார்க்கும் நம்மவர்களுக்கு இது ஒருமுறை சொன்னாலே போதும்.

சுஷியைக் கையால் எடுத்து உண்ணலாம், அது முறைதான். சோயா சாற்றைத் தொடுவதானால் மீன் பக்கத்தைத் தொட வேண்டும். சோற்றைத் தொட்டால் உதிர்ந்துவிடும். சமையற்காரரே சாறு தடவித் தந்திருந்தால் மறுபடி தொட வேண்டாம். வைத்தவுடன் ஒரே வாயில் சாப்பிட்டுவிட வேண்டும், படம் எடுக்கும் நேரத்தில் சோற்றின் சூடு போய்விடும். பத்துப் பேர் நெருங்கி உட்காரும் இடம் என்பதால் அத்தரும் ஜவ்வாதும் மல்லிகைச் சரமும் அன்று மட்டும் வேண்டாம். மீனின் மென்மணம் அடிபட்டுப்போகும், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து.

டிப்ஸ் வைக்கச் சொல்லாதீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் திருப்பித் தர ஓடி வருவார்கள். உயர்தர இடங்களில் 10 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கும்.

பாய் விரித்த அறைக்குள் வெறுங்காலோடு போவதும் மரியாதையில்லை. செருப்புப் போடுபவர்களிடம் ஒரு ஜோடி சுத்தமான காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர் எத்தனை பேர் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். மேசைக்கு அடியில் கால் தொங்கவிடப் பள்ளம் உள்ள ஹோரிகோடட்சு அறை இருந்தால் ஒதுக்கித் தருவார்கள்.