காட்டோர வீட்டின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

லாஸ் ஏஞ்சலிஸ் தீ பற்றிய தங்கள் தலையங்கம் பருவநிலை மாற்றத்தைப் பேசுவதோடு நின்றுவிட்டது. கலிபோர்னியாவில் காட்டோர வீடுகளின் பொருளாதாரத்தை ஆராயும் புவியியல்காரியான எனக்குப் பணக்கணக்குதான் கண்ணில் படுகிறது.

மலைச்சரிவில் மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது உள்ளூர் நிர்வாகம். சொத்துவரியில் பங்கும் அதற்கு உண்டு. தீ பிடித்தால் அணைக்கும் செலவில் பெரும்பகுதி மாநிலத்தின் தலையிலும் வாஷிங்டன் தலையிலும். அப்புறம் அனுமதிக்கு யார் தயங்குவார்கள்?

2018-இல் பாரடைஸ் ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். அங்கே மறுபடி வீடுகள் எழும்புகின்றன. நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் அங்கே போகிறவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

காப்பீடு இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டவர்களுக்குக் கடைசிப் புகல் 'ஃபேர் பிளான்' என்ற காப்பீட்டுத் திட்டம். பிரீமியம் கூடுதல், பாதுகாப்போ குறைவு.

கள ஆய்வில் ஒரு மூதாட்டியின் வீட்டைப் பார்த்தேன். பரணின் காற்றுத்துளையில் கால் அங்குலக் கண்ணுள்ள பழைய கம்பிவலை. தீப்பொறி நுழைய அது தாராளம். நெருக்கமான வலை போட்டால் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2022-லேயே மாநிலம் விதி போட்டுவிட்டது. அவருக்கு அதை யாருமே சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சாக்ரமென்டோ